அரை டன் வண்டியும் வற்றிய ஆறும்

இழுவைக்காரர்களாகிய உங்கள் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நான் அதில் அதிகம் பேசுவதில்லை. எந்த டயர் நல்லது, எந்த ட்ரெய்லர் எங்கே விலைக்கு வந்திருக்கிறது, எந்த வீதியைக் கவுன்சில் புதிதாகக் கட்டை போட்டு மறித்திருக்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன கிழமை உங்களில் ஒருவர் என்னைக் கேட்டிருந்தார்: இத்தனை வருடத்தில் நீங்கள் நன்றாகப் பயந்த நாள் எது? இரண்டு வரியில் பதில் போடப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் செய்த அரை டன் பிக்கப். அரை டன் என்பது அந்த நாட்டில் அந்த அளவு வண்டிக்கு வைத்த பழைய பெயர். உண்மையில் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் எதுவரைக்கும் தாங்கும் என்று வண்டி வாய் திறந்து சொல்லாது. நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும். லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் இருந்த ஒரு மலேசியத் தமிழர், எஞ்சினியர், ஆசைப்பட்டு இறக்குமதி செய்து வைத்திருந்தார். ஊரோடு போய்விட முடிவு செய்தபோது அதை என்னிடம் விற்றார். நான் வேலை பார்த்த கிட்டங்கியை மூடிவிட்டார்கள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இனி யாரிடமும் ஷிப்ட் கேட்டு நிற்கக் கூடாது என்ற வீம்பு ஒன்று இருந்தது. வீம்பில் வாங்கிய வண்டி அது.

செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, இது வண்டியா கப்பலா என்று கேட்டாள். வீட்டு முகப்பு முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டு வழக்கத்தில் வழி கேட்பவரும் சண்டை பிடிப்பவரும் வலப்பக்கக் கண்ணாடியில்தான் வந்து தட்டுவார்கள். அங்கே ஆள் இல்லாததைக் கண்டு ஒரு கணம் திகைத்து, பிறகு சுற்றிக்கொண்டு வருவார்கள். அதற்குள் பாதிப்பேருக்குக் கோபம் ஆறிவிடும். அந்த வண்டியால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

தளபாடம் ஏற்றினேன். பழுதான கார்களை இழுத்தேன். சுற்றுலாப் போகிறவர்கள் காரின் பின்னால் கொளுவுகிற சக்கர வீடுகளான கரவன்களை இழுத்தேன். ஒருமுறை ஒரு முழுக் கல்யாண மணவறையையும் இழுத்துக்கொண்டு போனேன். இழுவை என்பது வண்டி ஓட்டுவதல்ல என்பதை மட்டும் அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அதை எனக்குச் சொல்லித்தந்தவர் என் மகளின் வயதுப் பெண். ரெய்னம் பக்கத்தில் ஒரு பயிற்சி முற்றத்தில் ட்ரெய்லர் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். இங்கே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை. என்னை அங்கிள் என்று கூப்பிடுவார். நான் அவரை வாத்தியார் என்று கூப்பிடுவேன். முதலில் அவருக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ரிவேர்ஸ் எடுக்கும்போது நான் இடிக்கக் கூடாத தூணையே பார்த்துக்கொண்டிருப்பேன். ட்ரெய்லர் நேரே அந்தத் தூணுக்குப் போகும். அவர் சிரிக்க மாட்டார். தூணை விட்டுவிட்டுப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்று மறுபடியும் மறுபடியும் சொல்வார்.

ஆனால் அவர் கற்றுத்தந்த பெரிய விஷயம் முற்றத்துக்குள் நடக்கவில்லை. ஒரு நாள் செம்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு கரவனை லண்டனுக்கு இழுத்துவர வேண்டியிருந்தது. தனியாகப் போகத் தைரியமில்லாமல் அவரைக் கூட வரச்சொன்னேன். கரவன்காரர் தன் பெட்டிகளையெல்லாம் பின்மூலையில் அடுக்கி வைத்திருக்கிறார். நாங்கள் கதவைத் திறந்து பார்க்கவில்லை. ஏ-12 சாலையில் ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் காற்று பட்டதும் பின்னால் கரவன் மெல்ல ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். ஒருமுறை இடப்பக்கம் தெரிந்தது, பிறகு வலப்பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. வால் நாயை ஆட்டுவது போல வண்டியின் பின்பக்கம் இழுபட்டது. என் கால் பிரேக்குக்குப் போயிற்று.

"அங்கிள், பிரேக்கைத் தொடாதேங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ," என்றார் வாத்தியார். குரல் உயரவில்லை. "காலை மட்டும் எடுங்கோ. ஸ்டியரிங்கை நேர பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

என் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் ஏதாவது செய் என்று துடிக்கிறது. அந்தப் பெண் பக்கத்தில் இருந்து ஒன்றும் செய்யாதே என்கிறார். காலை எடுத்தேன். வேகம் தானாகக் குறைந்தது. கரவன் இன்னும் இரண்டு மூன்று முறை ஆடி, அலுத்துப்போனது போல அடங்கியது. ஓரிடம் பார்த்து நிறுத்தினோம். பின்மூலையில் பாரம் கூடியதால்தான் அது அப்படி ஆடியது; பெட்டிகளை முன்னால் நகர்த்தி வைத்தோம். வாத்தியார் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்று அப்போதுதான் சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயத்தோடும் ஒருவர் சரியானதைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று, சுமை பற்றி. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் எனக்கு நிறைய வேலை தருவார். ஒரு நாள் கடை இடம் மாறியது. அரிசி மூட்டைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிக்கப்பின் பின்னால் ஏற்றச் சொன்னார். ஏற்ற ஏற்ற வண்டியின் பின்பக்கம் குந்தியது, முகம் வானத்தைப் பார்த்தது. போதும் என்றேன். "கொஞ்சத் தூரம்தானே அண்ணை, நாலு வீதி தள்ளி," என்றார் அவர். நம்முடைய தொழிலில் மிகவும் மோசமான வார்த்தை இந்தக் கொஞ்சத் தூரம்தான். பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளும் அந்த நாலு வீதிக்குள்தான் இருக்கிறார்கள். நான் பாதி மூட்டைகளை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். அவர் கொஞ்சக் காலம் வேறு ஆளைப் பிடித்தார். பிறகு அவரே திரும்பி வந்தார். இப்படியான முகச்சுளிப்புகளைத் தாங்கப் பழகிக்கொள்ளுங்கள். முகச்சுளிப்பால் ஒருவருக்கும் கால் முறிவதில்லை.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

அன்ரன் ஒரு பஸ் சாரதி. கடற்கரை ஊரில் பிறந்தவர். இளவயதில் கடலுக்குப் போனவர். லண்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பஸ்தான் ஓட்டினார். ஓய்வுக்குக் கிட்ட வந்ததும், எசெக்ஸில் யாரோ விற்ற பழைய ஃபைபர் படகு ஒன்றை ட்ரெய்லரோடு வாங்கி வீட்டு முன்முற்றத்தில் நிறுத்திவிட்டார். அவருடைய காரால் அதை இழுக்க முடியாது. என் வண்டியை வீதியில் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். தேம்ஸ் நதி கடலுக்குப் போக அகலத் தொடங்கும் இடத்தில், லண்டனின் கிழக்கு ஓரத்தில், படகு இறக்குகிற கொங்கிறீட் சரிவு ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே கொண்டுபோய் இறக்கித் தர வேண்டும் என்றார். அதைக் கேட்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய மனைவி ரஞ்சியும் வந்தார். வந்தார் என்றுதான் சொல்லலாமே தவிர, விருப்பத்தோடு வந்தவர் அல்ல. பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது அன்ரன் வெளியே இறங்கி என்னிடம் மெல்லச் சொன்னார்: ரஞ்சியின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். தான் படகு வாங்கியதிலிருந்து ரஞ்சி தன்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இன்றைக்கு ஏன் வருகிறார் என்று தனக்கே தெரியவில்லை. தனியே போக விடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

தேம்ஸைக் கடக்கிற டார்ட்ஃபோர்ட் கடவையில் பெரிய நெரிசல். நாங்கள் போய்ச் சேரும்போது நினைத்ததைவிட நன்றாகப் பிந்திவிட்டது. அந்த ஆற்றில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும். நிறைந்திருக்கும்போது வந்திருந்தால் சரிவின் மேல்பாதியிலேயே படகு மிதந்திருக்கும். நாங்கள் வந்த நேரம் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சரிவின் மேல்பகுதி காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழே, தண்ணீர் விட்டுப்போன பகுதி முழுவதும் பச்சைப் பாசி.

இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது என் வாய் வரைக்கும் வந்தது. அன்ரன் அதற்குள் மிதவை உடுப்பைப் போட்டுக்கொண்டு படகின் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அறுபது வயதுக்காரர், பள்ளிக்கூட விடுமுறை விட்டது போல அங்குமிங்கும் ஓடுகிறார். மளிகைக் கடைக்காரரின் கோபத்துக்கு நான் அசையவில்லை. இந்த மனிதரின் சந்தோஷத்துக்கு அசைந்துவிட்டேன். கோபப்படுகிறவருக்கு மறுப்புச் சொல்வது சுலபம். இப்படியானவருக்குச் சொல்வதுதான் கஷ்டம்.

அன்ரன் படகில் ஏறி அதன் முன்முனையில், அணியத்தில் நின்றார். படகின் மூக்கை ட்ரெய்லரோடு பிடித்திருந்தது வின்ச்சின், அதாவது படகை இழுத்து ஏற்றுகிற சுற்றுருளையின், பட்டி ஒன்றுதான். ரஞ்சி சரிவின் ஓரத்தில் நின்று படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். படகு மிதந்ததும் பட்டியைக் கழற்றிவிட்டால், கயிற்றில் பிடித்துக் கரையோடு நிறுத்தலாம் என்பது ஏற்பாடு. நான் மெல்ல ரிவேர்ஸ் எடுத்தேன். ட்ரெய்லரின் சக்கரங்கள் தண்ணீருக்குள் போயின. இன்னும் கொஞ்சம் என்று அன்ரன் கை காட்டினார். இன்னும் கொஞ்சம் போனேன். அந்தக் கொஞ்சத்தில் என் பின்சக்கரங்கள் பாசியில் ஏறிவிட்டன.

அது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வகை வண்டி. பின்னால் பெட்டி காலி. பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. சவர்க்காரம் தேய்த்த தரையில் போவது போல, சத்தமே இல்லாமல் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னுக்குப் போட்டு எரிபொருள் கொடுத்தேன். சக்கரங்கள் அதே இடத்தில் சுழன்றன. பாசி பச்சையாகத் தெறித்தது. வண்டியின் பின்பக்கம் ஒருபக்கமாக நழுவியது. இன்னும் மிதித்தேன். இன்னும் நழுவியது. புகைக்குழாய்க்குள் தண்ணீர் போய்க் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. படகை விடக்கூடாது என்ற ஒரே நினைப்புத்தான் இருந்தது. ஒருவர் ஆயுள் முழுவதும் ஆசைப்பட்டு வாங்கிய பொருள், என்னை நம்பிக் கொளுவி விட்ட பொருள். அதை ஆற்றில் விட்டுவிட்டு நான் எப்படி அந்த முகத்தைப் பார்ப்பது? மிதித்துக்கொண்டே இருந்தேன்.

வலப்பக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ரஞ்சி. உள்ளே பார்த்தார், ஆள் இல்லை. வண்டியின் முகப்பைச் சுற்றிக்கொண்டு, வழுக்கி ஒரு கையை ஊன்றி எழுந்து, இடப்பக்கம் வந்தார். கதவைத் திறந்தே விட்டார்.

"அண்ணை, இறங்குங்கோ," என்றார்.

"வள்ளம் போயிடும் பிள்ளை."

"அது வள்ளம் அண்ணை. போனால் மிதக்கும். நீங்கள் மிதக்கமாட்டியள்."

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வார்த்தைகள் அதே குரலில் எனக்குக் கேட்கின்றன. அவர் கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குள் ஏதோ ஒன்று நின்றது. காலை எரிபொருளிலிருந்து எடுத்தேன். பிரேக்கில் வைத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அன்ரன் படகின் மூக்கில் குனிந்து, கையில் கத்தியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படிக் காத்திருந்தார் என்று தெரியவில்லை. பட்டியைத் தானாக அறுத்தால் எனக்குச் சொல்லாமல் செய்ததாகும் என்று நினைத்திருக்கிறார். கடலில் அப்படித்தானாம், பாரத்தை விடுவதென்றால் இரண்டு பக்கமும் தெரிந்துதான் விடுவார்களாம். பிறகு சொன்னார்.

திறந்த கதவால் கையை வெளியே நீட்டி வெட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். பட்டி ஒரே இழுப்பில் அறுந்தது. படகு ட்ரெய்லரிலிருந்து வழுக்கிப் பின்னால் போய்த் தண்ணீரில் விழுந்து, ஒருமுறை குலுங்கி, நிமிர்ந்து மிதந்தது. அந்தப் பாரம் போன உடனே வண்டி நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் இன்னும் காய்ந்த கொங்கிறீட்டில்தான் இருந்தன. பாரமில்லாத ட்ரெய்லரை அவை பிடித்துக்கொண்டன.

ரஞ்சி அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தார். கயிறு இல்லை. என்னிடம் ஓடி வரும்போது அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கயிற்றின் நுனி தண்ணீரில் நெளிந்துகொண்டு படகோடு போனது.

அன்ரன் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். வற்றுகிற ஆறு படகைச் சத்தமில்லாமல் நடுவுக்குக் கொண்டுபோயிற்று. ஆறு ஓடுகிற பக்கம், கொஞ்சம் கீழே, பெரிய இரும்புத் துறைமேடை ஒன்று ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் தூண்களைச் சுற்றி வேகமாக ஓடியது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி போய்விடும். அப்படியே உட்கார்ந்து கண்ணாடிக்குள் ஒரு மனிதர் சிறிதாகிக்கொண்டு போவதைப் பார்த்தேன். நீங்கள் கேட்ட பயம் அதுதான். வண்டி நழுவியபோது எனக்குப் பயப்பட நேரம் இருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்த அந்தச் சில நிமிடங்கள்தான்.

ரஞ்சி கரையோடு நடந்தார். ஓடவில்லை, கூப்பிடவில்லை. படகு போகிற வேகத்துக்கு, அதற்கு நேராக, சேற்றிலும் கல்லிலும் நடந்துகொண்டே இருந்தார்.

மேலே மதிலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நாலைந்து வெள்ளைக்காரர் இறங்கி வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பிக்கப்பின் பின்பெட்டியைக் காட்டி மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார். எல்லோரும் அதற்குள் ஏறிப் பின்சக்கரங்களுக்கு மேலே நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்தப் பாரம்தான் வண்டிக்கு வேண்டியிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக எரிபொருள் கொடுத்தேன். சக்கரம் ஒருமுறை வழுக்கி, பிறகு கொங்கிறீட்டைக் கவ்வியது. மேலே வந்து நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். அவர்களுக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அன்ரன் எஞ்சினை விட்டுவிட்டிருந்தார். துடுப்பைக் கையில் எடுத்திருந்தார். நீரோட்டத்தோடு அவர் சண்டை பிடிக்கவில்லை. படகை அதன் போக்கில் போகவிட்டு, துடுப்பை வலிக்கும் ஒவ்வொரு முறையும் கரைப்பக்கமாகக் கொஞ்சம் சரித்துக்கொண்டு வந்தார். துறைமேடைக்கு இந்தப்பக்கம் ஓர் ஆழமில்லாத சேற்றுத் திட்டில் படகின் அடி தட்டி நின்றது. அங்கேயே நின்று எஞ்சினின் மூடியைத் திறந்து ஏதோ செய்தார். பிறகு கயிற்றை இழுத்தார். நீலப் புகை வந்தது, அதற்குப் பிறகு சத்தம் வந்தது. படகு திரும்பி எங்களை நோக்கி வந்தது.

ரஞ்சி சரிவுக்குத் திரும்பி வந்து, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றார். அன்ரன் கிட்ட வந்ததும் எஞ்சினை நிறுத்தாமல் குறைத்து வைத்தார். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"வீட்டிலயே ஒருக்கா எஞ்சினை இழுத்துப் பாத்திருக்கலாம்," என்றார் ரஞ்சி.

"ஓம்," என்றார் அன்ரன்.

படகுக்குள் இன்னொரு மிதவை உடுப்புக் கிடந்தது. ரஞ்சி ஏறமாட்டேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தும் அவருடைய அளவுக்கு வாங்கி வைத்தது. அன்ரன் அதை எடுத்து நீட்டினார். ரஞ்சி கைப்பையை என்னிடம் தந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். "இவரை இனித் தனிய விட ஏலாது அண்ணை," என்று எனக்குச் சொன்னார், நான் ஏதோ காரணம் கேட்டது போல. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் ஏறினார். எப்படி ஏறுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் திரும்ப ஏறாமல் படகை வெளியே எடுக்க முடியாது. அதனால் அன்று பகல் முழுவதும் நான் அந்த மதிலில் உட்கார்ந்திருந்தேன். தூண்டில்காரர்கள் எனக்கு சாண்ட்விச் தந்தார்கள். நன்றியையும் அப்போது சொல்லி முடித்தேன். அவர்கள் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், இடப்பக்க ஸ்டியரிங்கில் ஏறி இருந்து பார்த்தார்கள். தூரத்தில் அந்தச் சிறிய வெள்ளைப் படகு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. என் தொழிலில் ஒரு வேலையும் செய்யாமல் இருந்த நாள் அது ஒன்றுதான். இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது, போய் இருக்கலாம் போல மனதில் வருகிற இடமும் அந்த மதில்தான்.

மத்தியானத்தில் அவர்கள் கரைக்கு வந்ததும், ரஞ்சி கட்டிக்கொண்டுவந்த புட்டும் கறியும் மூவரும் சாப்பிட்டோம். அன்ரன் படகைப் பார்க்கப் போனபோது நான் ரஞ்சியிடம் கேட்டேன், அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி அது தோன்றியது என்று. அவர் இலைபோல மடித்த தாளில் மிச்சப் புட்டை ஒதுக்கினார்.

"அப்பாவைத் தேடிப் போனவை வள்ளத்தைத்தான் கொண்டு வந்தவை," என்றார். "ஒரு கீறலும் இல்லாத வள்ளம். அவர் அதை விட்டிட்டு நீந்தியிருந்தால் வந்திருப்பாரோ எண்டு அம்மா கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தவ."

பின்னேரம் தண்ணீர் ஏறியது. பாசி மறைந்தது. சரிவின் மேலே, காய்ந்த இடத்திலேயே ட்ரெய்லர் தண்ணீரைத் தொட்டது. அறுந்த பட்டிக்குப் பதிலாகக் கயிறு கட்டி, ரஞ்சி வின்ச்சைச் சுற்ற, படகு தானாக நடந்து வருவது போல ஏறி வந்து உட்கார்ந்தது. காலையில் நாங்கள் அவ்வளவு பாடுபட்ட வேலை, காத்திருந்தபோது ஒரு வேலையாகவே இருக்கவில்லை.

தம்பிமாரே, தங்கைமாரே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். பின்னால் கொளுவியிருப்பதைக் காப்பாற்றுவது நம் வேலை. ஆனால் ஒரு கட்டத்தில் நாம் எதைக் காப்பாற்றுகிறோம் என்பதை மறந்துவிட்டு, காப்பாற்றுவதை மட்டும் செய்துகொண்டிருப்போம். கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் காலை எடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல இழுவைக்காரர். அது எனக்குத் தானாக வரவில்லை. ஒருமுறை ஒரு பெண் பக்கத்தில் இருந்து சொன்னார், இன்னொருமுறை இன்னொருவர் கதவைத் திறந்து சொன்னார். யாராவது தட்டினால் கண்ணாடியை இறக்குங்கள். அவருக்கு ட்ரெய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அன்ரன் வீட்டுப் படகை அந்தக் குளிர்காலம் முழுவதும் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்து போவேன். இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டாலும் வேறு பெரிய வண்டியாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த கோடை தொடங்கி வெயில் வந்ததும் ஒரு நாள் போன் அடித்தது. அன்ரன் அல்ல, ரஞ்சி.

"அண்ணை, தண்ணி எப்ப நிறையுதெண்டு நான் பாத்து வைச்சிருக்கிறன்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை காலமை. முன்னுக்கே போய்ச் சேர வேணும், அதால வெள்ளெண வெளிக்கிடுவம். எஞ்சினையும் இழுத்துப் பாத்திட்டம். நீங்கள் வாறியளோ?"

வாறன் என்றேன்.